இனம் காணல்

நம்மிடையே விமர்சனம் என்று நடப்பதில் பெரும்பகுதி பெயர் சூட்டல்தான். ஒருவர் படிமவாதி, இன்னொருவர் அகவயக் கவி, மூன்றாமவர் இருத்தலியர். க.நா.சு. பட்டியல் போட்டார் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அவர் பட்டியலில் பெயர்களாவது இருந்தன. பிறகு வந்தவர்களிடம் பட்டங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. எந்தக் கவிதையை முன்னால் வைத்துக்கொண்டு இந்தப் பட்டம் கொடுக்கப்பட்டது என்று கேட்டால், கேட்டவன் எந்த அணி என்று விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது.

புகாராக இதை எழுதவில்லை. நானும் முப்பது வருஷங்களுக்கு மேல் பெயர் சொல்லியே சம்பளம் வாங்கியவன். களிமண்ணில் கிடக்கும் பழங்காலக் கடல் ஜீவன்களின் ஓடுகளைப் பொறுக்கியெடுத்து, இது இன்ன இனம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. எண்ணெய் தேடித் துளையிடுகிறவர்களுக்கு அந்தப் பெயர் வேண்டும். பெயர் தெரிந்தால் பாறையின் வயது தெரியும். வயது தெரிந்தால் மேற்கொண்டு துளையிடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்யலாம். இந்தத் தொழிலில் பெயரிடுவதற்கு ஓர் ஒழுக்கம் இருக்கிறது. அது எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று இந்தச் சிறு வட்டத்தில் சொல்லிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஃபொராமினிஃபெரா ஒற்றைச் செல் ஜீவன். பெரும்பாலும் சுண்ணாம்பால் தன்னைச் சுற்றி ஓர் அறை கட்டிக்கொள்ளும். அறை போதாமல் போனதும் பக்கத்தில் சற்றுப் பெரிதாக இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பழைய அறையை இடிப்பதில்லை. ஆகவே முதிர்ந்த ஓட்டுக்குள் அதன் பால்யம் முழுதும், முதல் அறையிலிருந்து வரிசையாக, சுருண்டு கிடக்கும். பெரும்பாலானவை கடல் தரையில் வாழ்பவை. ஒரு சிறுபான்மை மேல்நீரில் மிதப்பவை. இவற்றையே பிளாங்க்டன் என்கிறோம்: நீரோட்டத்தை எதிர்த்துப் போகத் திராணியில்லாமல், அது இழுத்த பக்கம் போகும் வர்க்கம். அந்தத் திராணியின்மைதான் நமக்கு உபயோகம். ஓர் இனம் தோன்றிச் சொற்ப காலத்திலேயே தூரதூரக் கடல்களுக்குப் பரவிவிடும். இறந்தால் ஓடு கீழே இறங்கிச் சேற்றில் படியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு தேசங்களின் பாறைகளில் ஒரே ஓடு கிடைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தின் சேறு என்று துணிந்து சொல்லலாம்.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது விசித்திரமாகப் படலாம். ஆனால் இந்த ஊரின் அடியும் கடலுக்கு அந்நியமில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பாறைகளில் இலைத் தடங்களோடு அம்மோனைட்டுகளும் கிடைத்திருக்கின்றன. நிலமும் கடலும் மாறிமாறித் தள்ளிக்கொண்டிருந்த கரை அது. காஞ்சிக்கு அருகே கட்டவாக்கத்தில் போட்ட ஆழ்துளையின் கரிக்களிக்கல்லில் இருந்த மகரந்தங்களையும் வித்துகளையும் பற்றி ராமானுஜமும் ஸ்ரீசைலமும் 1974ல் விரிவாக எழுதினார்கள். பட்டுத் தறிகளின் குழிக்குக் கீழே, பாலாற்று மணலுக்கும் கீழே, யாரும் பார்த்திராத ஒரு காட்டின் மகரந்தம் கிடக்கிறது என்பதில் எனக்கு இன்றும் ஒரு கிளர்ச்சி உண்டு. ஆனால் மிதவை ஓடுகளைத் தேடுகிறவன் தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும்: ஊட்டத்தூர், காரை, அரியலூர். அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஹென்றி பிளான்ஃபோர்டு எழுதியது 1862ல் வெளிவந்தது. பெயர்கள் இன்றும் நிற்கின்றன. ஊட்டத்தூர் என்ற சிற்றூரின் பெயர் பூமியின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பாகியிருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காரையின் களிமண் வெயிலில் வெடித்து, மழையில் அரித்து, புல் முளைக்காத மேடுபள்ளங்களாகக் கிடக்கிறது. இடையிடையே ஜிப்சம் பாளம் பாளமாக மினுக்கும். அந்த மண்ணில் ஒரு பிடி போதும். தண்ணீரில் ஊறவைத்து, கரையாவிட்டால் சலவைச் சோடா சேர்த்துக் கொதிக்கவைத்து, 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் ஊற்றிக் கழுவ வேண்டும். சேறு போய்விடும். மிஞ்சுவதை உலர்த்தினால் வெறும் மணல் போல ஒரு சிட்டிகை. நுண்ணோக்கியில் அந்தச் சிட்டிகைதான் கடல். ஈரம் தொட்ட மிக மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வோர் ஓடாக எடுத்து, 60 கட்டங்கள் போட்ட கறுப்புத் தகட்டில் ஒட்டவேண்டும். ஓர் ஓட்டின் குறுக்களவு கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். மூச்சை அழுத்தி விட்டால் ஒன்பது கோடி வருஷத்துச் சாட்சி மேஜையடியில் போய்விடும்.

இதில் ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல வேண்டும். சல்லடையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அதன் கண்களில் பழைய மண்ணின் ஓடுகள் சில சிக்கிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த மண்ணைக் கழுவுகையில் அவை விடுபட்டு அதனோடு கலந்துவிடும். வேறோர் ஊரின், வேறொரு யுகத்தின் ஓட்டை இந்த மண்ணுக்குரியது என்று எழுதிவிடுவோம். அதற்காகவே ஒவ்வொரு முறையும் சல்லடையை மெதிலீன் நீலத்தில் முக்கி எடுக்கிறோம். சிக்கியிருப்பவை நீலம் பாரித்துவிடும். பிறகு கட்டத்தில் ஒரு நீல ஓடு வந்தால், இது போன தடவையின் மிச்சம் என்று ஒதுக்கிவிடலாம். ஒரு புதுக் கவிஞனைப் படிக்கும்போது, போன வாரம் படித்த மேல்நாட்டு ஆசாமியின் ஓடுகள் நம் சல்லடையிலிருந்து விழுவது உண்டு. அவற்றுக்கு நீலம் ஏற்றும் வித்தை நமக்கு இன்னும் கைவரவில்லை.

இனி இனம் காணல். தமிழில் இந்தச் சொல்லே அழகானது. அறிவது என்று சொல்லாமல் காண்பது என்று சொல்கிறது. ஓட்டை மூன்று பக்கமாகப் பார்க்க வேண்டும். மேற்பக்கத்தில் அறைகளின் சுருள் தெரியும். கீழ்ப்பக்கத்தில் நடுவே ஒரு குழி, தொப்புள் போல. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் சில இனங்களில் கரை கட்டியிருக்கும்—ஒற்றைக் கரை, அல்லது இரண்டு கரைகள், நடுவில் ஒரு வெற்றுப் பட்டை. நெசவாளர் வீட்டில் பிறந்தவனுக்கு இதற்கு வேறு வார்த்தை வராது. கடைசிச் சுற்றில் எத்தனை அறைகள், அறைகளுக்கு இடையிலுள்ள தையல் நேரா வளைவா, அதன்மேல் மணி கோத்ததுபோல் புடைப்பு உண்டா, வாய் தொப்புளுக்குள்ளேயே அடங்குகிறதா அல்லது விளிம்பை நோக்கி நீள்கிறதா. இவ்வளவையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

1950ல் கே. ஜேக்கப், எம்.வி.ஏ. சாஸ்திரி என்ற இருவர் கல்கத்தாவின் ‘சயன்ஸ் அண்ட் கல்ச்சர்’ பத்திரிகையில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். இருவரும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர். பத்திரிகை, மேக்நாத் சாஹா 1935ல் தொடங்கியது. ஊட்டத்தூர் அடுக்கில் குளோபோட்ரங்கானா இருக்கிறது என்பது குறிப்பின் விஷயம். குளோபோட்ரங்கானா என்பது 1927ல் குஷ்மன் ஏற்படுத்திய பேரினம். இரண்டு கரை கட்டிய மிதவை ஓடுகளை அந்நாளில் அதில்தான் சேர்த்தார்கள். சும்மா ஓர் ஓடு கிடைத்தது என்ற செய்தியாக அது நிற்கவில்லை. அம்மோனைட்டுகளை வைத்து மற்றவர்கள் தீர்மானித்த ஊட்டத்தூரின் வயதுக்கு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாட்சியைக் கூண்டில் ஏற்றியது. அந்த ஓட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் குளோபோட்ரங்கானா இண்டிகா.

பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தது எதற்கு? இங்கேதான் என் சங்கடம் ஆரம்பமாகிறது.

சிறுபத்திரிகைகளில் உருவம் பெரிதா உள்ளடக்கம் பெரிதா என்று வருஷக்கணக்கில் தர்க்கம் நடந்தது. என் மேஜையில் அந்தத் தர்க்கத்துக்கு இடமில்லை. உள்ளே இருந்த ஜீவன் கரைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. அறைகளில் இப்போது இருப்பது சேறும் கால்சைட்டும். மிஞ்சியது உருவம், அதை வைத்துத்தான் இனம் சொல்கிறோம். இந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் என்ன? கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேயர் 1862லேயே இதைக் கேட்டுவிட்டார்: இந்த ஜீவன்களில் ஒன்று மற்றொன்றாக இழைந்து போகிறது, இனம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது இங்கே செல்லாது. எதிர்முகாமில் இருந்தவர்கள் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். சேர்ப்பவர், பிரிப்பவர் என்று இரண்டு ஜாதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நல்ல நிபுணன் வாரத்தில் மூன்று நாள் ஒன்றாகவும் மூன்று நாள் மற்றதாகவும் இருப்பான்.

இருவரையும் சேர்த்துத் திணறடிப்பது ஆர்புலினா யூனிவர்சா. ட’ஆர்பினி 1839ல் பெயரிட்டது. இன்றும் உயிரோடு மிதக்கிறது. இளமையில் அறை அறையாகச் சுருண்டு வளரும். பார்த்தால் வேறொரு பேரினம் என்று சத்தியம் செய்வோம். முதிர்ந்ததும் எல்லா அறைகளையும் உள்ளடக்கி வெளியே ஒரு முழுக் கோளம் கட்டிக்கொள்ளும். ஒரே ஜீவன், இரண்டு முகம். இப்படி இரண்டை ஒன்றாக்கி நிமிர்ந்தால், 1999ல் டி வர்காஸும் மற்றவர்களும் அதன் மரபணுவைப் பார்த்துவிட்டு, இந்த ஒரே கோளத்துக்குள் மூன்று தனித்தனி மரபு வகைகள் இருப்பதாகச் சொன்னார்கள். உயிரோடு இருப்பதன் கதியே இது என்றால், காரைக் களிமண்ணில் மரபணு ஏது? இண்டிகா என்ற பெயருக்குப் பின்னால் ஓர் இனம் இருந்ததா மூன்று இருந்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது. குளோபோட்ரங்கானாவின் சுற்றம் முழுவதும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாரிசும் இல்லை.

அப்படியிருந்தும் பெயர் உளறலாகிவிடாமல் காப்பது எது? தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு, எறும்பு மூன்று, இப்படி மனிதன் வரை. ஒவ்வொரு படியிலும் இவை போன்ற பிறவும் உண்டு என்று கதவைத் திறந்து வைக்கிறது. அங்கே பெயரைத் தாங்குவது ஒரு லட்சணம். அந்த லட்சணம் உள்ளதெல்லாம் உள்ளே வரலாம். விலங்கியலின் பெயர்ச் சட்டம் வேறு வழி போகிறது. பெயரைத் தாங்குவது லட்சணமோ விவரணையோ ஆகாது என்கிறது அது. பெயர் ஒரே ஒரு பொருளோடு கட்டப்பட்டிருக்கிறது: இன்ன அலமாரியில், இன்ன எண்ணில் இருக்கும் இந்த ஓடு. இதற்கு ஹோலோடைப் என்று பெயர். மூலமாதிரி என்று சொல்லிக்கொள்கிறேன். பெயரிட்டவன் தப்பாக விவரித்திருக்கலாம், படத்தை மோசமாக வரைந்திருக்கலாம், தவறான குடும்பத்தில் சேர்த்திருக்கலாம். ட’ஆர்பினி 1826ல் ஃபொராமினிஃபெராவையே கணவாய் வர்க்கத்தில் சேர்த்தார். 1835ல் துஜார்தான் அதை மறுத்தார். விவரணை விழுந்தாலும் ஓடு இருக்கும். பின்னால் வருகிறவன் போய்ப் பார்த்துச் சண்டை போடலாம். சண்டை போட இடம் வைப்பதுதான் அந்த அலமாரியின் தர்மம்.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. மூலவர் கர்ப்பக்கிருகத்தின் இருட்டில் அசையாமல் இருக்கிறார். வீதியில் பார்க்கிறது உற்சவரை. பாடப்புத்தகங்களின் படங்கள் உற்சவர்கள். இதற்கு மேலும் இந்த ஊரில் ஓர் உதாரணம் உண்டு. மூலமாதிரி தொலைந்தோ அழிந்தோ போனால், அவசியம் இருக்கும் பட்சத்தில், இன்னோர் ஓட்டை அந்த ஸ்தானத்தில் அமர்த்தச் சட்டம் அனுமதிக்கிறது. நியோடைப் என்று பெயர். பழையது எப்போதாவது திரும்பக் கிடைத்துவிட்டால் புதியது விலகிக்கொள்ள வேண்டும், பழையதே மறுபடி மூலம். வரதராஜர் கோயிலில் முன்பு மூலவராக இருந்ததாகச் சொல்லப்படும் அத்தி மர உருவம் அனந்தசரஸ் குளத்தின் அடியில் கிடக்கிறது. 1979ல் வெளியே வந்தது. பிறகு 2019ல் வந்து 48 நாட்கள் காட்சி கொடுத்தது. கல் மூலவர் விலகவில்லை. அத்தி வரதர்தான் தண்ணீருக்குத் திரும்பினார். எங்கள் ஊரின் பெயர்ச் சட்டம் வேறு மாதிரி. இரண்டு மூலத்தையும் வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கத் தெரிந்த ஊர் இது.

எனக்கு அந்த அமைதி இல்லை. காரணம் சொந்த விவகாரம்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர். ஜக்கார்டு பெட்டி வீட்டுக்கு வருமுன், கரைக் கோலத்தை நூலிலேயே அடை கட்டி நெய்த காலத்தில், அவர் ஒரு கரை போட்டிருக்கிறார். அம்மாவின் முகூர்த்தப் புடவைக்கு. “மயில்கண்ணும் இல்ல, குயில்கண்ணும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. உங்கப்பா அத ஓணாங்கண்ணுன்னுதான் சொல்லுவாரு” என்பாள் அம்மா. வீட்டுச் செலவு முட்டிய ஒரு வருஷம் அந்தப் புடவை பழைய ஜரிகை வாங்குகிறவனிடம் போயிற்று. அவர்கள் புடவையைக் கொளுத்தி வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். அடை எப்போதோ அவிழ்ந்துவிட்டது. அப்பாவும் போய்விட்டார்.

அம்மாவும் இல்லாமல் போன பிறகு, தெருவில் அந்தக் கரையைப் பார்த்திருந்த மூன்று பெரியவர்களிடம் தனித்தனியாகப் போய் வரைந்து காட்டச் சொன்னேன். என் தொழில் பழக்கம். ஒருவர் வரைந்ததை மற்றவரிடம் காட்டவில்லை. ஒருவர் கண்ணுக்குள் ஒரு பொட்டு வைத்தார். ஒருவர் பொட்டு இல்லை என்றார், சுற்றிலும் பல் பல்லாக வைத்தார். மூன்றாமவர் போட்டது எனக்குச் சுத்தமான குயில்கண்ணாகத் தெரிந்தது. மூவரும் ஓணாங்கண் இதுதான் என்றார்கள். மூவருக்கும் சந்தேகமே இல்லை.

விளக்கமோ படமோ இல்லாமல் அச்சேறிய பெயரை எங்கள் துறையில் நோமென் நூடம் என்பார்கள்; அம்மணப் பெயர் என்று அர்த்தம். யாரையும் கட்டுப்படுத்தாது, இல்லாதது போலத்தான். ஓணாங்கண் அம்மணமாக நிற்கிறது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்து நெய்யச் சொல்லலாம், இன்றும் அதற்கு ஆள் இருக்கிறார்கள், தம்பி அதைத்தான் சொல்கிறான். நெய்துவிட்டால் அதுதான் ஓணாங்கண். பேரன்கள் அதைப் பார்த்து வளர்வார்கள். மற்ற இரண்டும் செத்துவிடும். சட்டப்படி மாற்றுமாதிரி அமர்த்துவதற்கு, அது மூலத்தைப் பற்றித் தெரிந்ததோடு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். மூன்று சாட்சி மூன்று விதமாகச் சொல்கையில் எதோடு பொருத்துவது? மூன்று தாள்களையும், யார் வரைந்தது என்றும் தேதியும் எழுதி, உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தம்பிக்கு இது கஞ்சத்தனமாகப் படுகிறது. பெயரை வாழவைக்க ஒரு பொருளை உண்டாக்குவதா, பொருள் இல்லை என்று எழுதிவைப்பதா என்ற கேள்வியில் நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். நிற்பது சுலபமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இண்டிகாவின் கதை இதைவிட நன்றாகப் போயிற்று. அமெரிக்காவில் பெஸாக்னோ 1967ல் டெக்சாஸ் பக்கத்து மிதவை ஓடுகளைப் பற்றிய தம் பெரிய நூலில் அதை மார்ஜினோட்ரங்கானா என்ற பேரினத்தில் சேர்த்தார். அந்தப் பேரினத்தை ஹோஃப்கர் 1956ல்தான் ஏற்படுத்தியிருந்தார். 1950ல் அப்படி ஒரு வீடே இல்லை. வாய் தொப்புளுக்குள் அடங்குகிறதா வெளியே நீள்கிறதா என்ற வித்தியாசம்தான் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர். இப்படி ஓர் இனம் வீடு மாறும்போது ஒரு சின்ன மரியாதை செய்கிறார்கள். முதலில் பெயரிட்டவர்களின் பெயர் பின்னாலேயே வரும், ஆனால் அடைப்புக்குறிக்குள்: மார்ஜினோட்ரங்கானா இண்டிகா (ஜேக்கப் & சாஸ்திரி). அந்த இரண்டு வளைகோடுகளுக்கு ஓர் அர்த்தம் உண்டு. இதை முதலில் கண்டவர்கள் இவர்கள். இவர்கள் வைத்த இடத்தில் இது இப்போது இல்லை. கண்டதற்குரிய கௌரவமும் வகுத்ததன் மேல் மாற்றுக் கருத்தும் ஒரே குறியில் அடங்கிவிடுகின்றன. யாரும் யாரையும் துரோகி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் பக்கங்களில் ஒரு கவிஞனை ஒருவர் ஓரிடத்தில் வைக்கிறார். பத்து வருஷம் கழித்து இன்னொருவர் வேறிடத்தில் வைக்கிறார். முன்னவர் பெயர் அதோடு மறைந்துபோகிறது, அல்லது வசைக்காக மட்டும் நினைக்கப்படுகிறது. இருவரும் எந்த வரிகளைப் பார்த்துப் பேசினார்கள் என்பதும் மறைந்துபோகிறது. அடுத்து வருகிறவன் மறுபடி முதலிலிருந்து சல்லடையைக் கழுவ வேண்டியிருக்கிறது. படிமவாதி என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. எந்தக் கவிதை, எந்த இதழ், எந்தப் பக்கம் என்பதையும் கூடவே அச்சிடுங்கள். பின்னால் வருகிறவன் எடுத்துப் பார்த்து இல்லை என்று சொல்லட்டும். உங்கள் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளட்டும்.